பால் ஒட்டு

ஒரு லாரி இறங்கி அடுத்தது ஏறும் இடைவெளியில்
பழைய எடைச்சீட்டின் முதுகில் எழுதிக்கொள்கிறேன்:
ஓர் எழுத்து, ஐந்து எண்கள்,
மூடிக்குள் மங்கிப்போன ஒரு முத்திரை.
பதினெட்டு டன் செம்பனைக் குலை ஆலைக்குள் போகிறது.
ஸ்டுட்கார்ட்டில் ஒரு பெட்டி
எந்த ஆண்டு வெளியே வந்தது என்று
நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பகாவ் சந்தைக்குப் பின்னால்
லிம் சூன் கியாட்டின் பழைய இரும்புக் கடை.
செம்பு வயர் குவித்த தொட்டிக்கு அடியில் கிடந்தது.
நெட்டார். மடக்கு கேமரா.
நாற்பது வெள்ளி என்றார்.
இரும்பு விலைக்கு நிறுத்துக் கொடுங்கள் என்றேன்.
நான் எடைமேடைக்காரி என்பது அவருக்குத் தெரியும்,
தராசைத் தொடவில்லை.
முப்பதுக்கு இறங்கினார்.

வீட்டில் இது ஏழாவது.
பிஸ்கட் தகரத்தில், சிலிக்கா மணிகளோடு, இறுக்க மூடி.
இந்த ஊர் ஈரம் கண்ணாடியையும் தின்னும்.
வில்லைக்குள் பூஞ்சை புகுந்தால்
வேர்விட்டு, கிளைவிட்டு,
நிரை பிடிக்காமல் தானே ஒரு தோட்டம் போட்டுவிடும்.

"போன்ல படம் வராதா?" என்கிறார் மதியழகன்.
வரும்.
ஆனால் இதில் தூரத்தை அடிக்கணக்கில் செதுக்கியிருக்கிறார்கள்,
மீட்டரில் இல்லை, பாருங்கள்;
அப்படியென்றால் வெள்ளைக்காரன் ஆண்ட சீமைக்கு
ஏற்றவென்றே செய்தது.
ஒரு வளையத்தைத் திருப்பினால்
கப்பல் போன திசை தெரிகிறது.
சோறு ஆறுது, என்கிறார்.

லைட்டர் பெட்ரோலில் கழுவிய பிறகும்
இருபத்தைந்தில் ஒரு பங்கு நொடி என்பது
அதற்குப் பிடித்த அளவுதான்.
அதை விட்டுவிட்டேன். துருத்திக்கு வந்தேன்.

விளக்கணைத்து
உள்ளே சின்ன டார்ச்சை வைத்தேன்.
மடிப்பு மூலைகளில் வெளிச்சம் கசிந்தது.
ஒன்று. இரண்டு. மூன்று.
நாலாவது மூலை மட்டும் கெட்டி இருட்டு.
விரல் வைத்தேன்.
தோல் இல்லை, துணி இல்லை,
அமுக்கினால் உள்வாங்கி மீண்டு வந்தது.
மூக்கருகே கொண்டுபோனேன்.
ஒட்டுப்பால்.

விளக்குக் கரியைக் குழைத்து
மரத்துப் பாலில் யாரோ ஓட்டையை அடைத்திருக்கிறார்கள்.

உல்ரிஷ் ஸ்டுட்கார்ட்காரர். எண்களுக்கெல்லாம்
நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார்.
நான் போட்ட கணக்கு இரண்டு ஆண்டு பிசகு என்று
மரியாதையாகத் திருத்தினார்.
அந்தக் கறுப்புக் கட்டி அசல் அல்ல,
எடுத்துவிடுங்கள், புதுத் துருத்தி அனுப்புகிறேன் என்றார்.
அசல் அல்ல என்பதற்குக் கீழே கோடு வேறு.

பழைய ஸ்டூடியோக்காரர் மகனைக் கேட்டேன்:
நாங்கள் டேப்தான் ஒட்டுவோம்.
ஆபீஸ் பதிவேட்டைக் கேட்டேன்: கறையான்.
கிளப்பில் துரைமார் படம் ஒரு டஜன் மாட்டியிருக்கிறது,
எடுத்தவர் பேர் ஒன்றிலும் இல்லை.

வில்லை கழன்றிருந்த ஒரு மதியம்
அதையே பூதக்கண்ணாடியாக்கி
அந்த மூலையைப் பார்த்தேன்.
பால் உறையுமுன் அழுத்திய கட்டைவிரல்.
ரேகை முழுசாக இருந்தது.
ரேகைக்குக் குறுக்கே, இடமிருந்து வலமாகச் சரிந்து
ஆறிப்போன ஒரு வெட்டு.

உள்ளே ஃபிலிம் இருந்ததா என்று எல்லாரும் கேட்கிறார்கள்.
இல்லை.
இதுதான் இருந்தது.

மிச்ச மூன்று ஓட்டைகளையும்
அதே மாதிரி அடைப்பது என்று முடிவெடுத்தேன்.
சுற்றிலும் செம்பனை.
மோட்டார் சைக்கிளில் பதினோரு மைல் போய்
ஹாஜி ரொஸ்லானின் நாற்பது மரத்தில்
ஒரு கோப்பை பால் கேட்டு வாங்கினேன்.
எதற்கு என்றார். கேமராவுக்கு என்றேன்.
காசு வேண்டாம் என்றுவிட்டார்,
கொஞ்சம் பாவப்பட்டுத்தான்.

என் ஒட்டு மூன்றும் ஒரே மாதத்தில் வெடித்தன.
முதல் ரோலில் பன்னிரண்டு படம்,
பன்னிரண்டிலும் வெள்ளைக் கீற்று.
நாலாவது மூலை மட்டும் அப்படியே இருக்கிறது.

கரி எத்தனை பங்கு?
காடி ஏதும் சேர்த்தீர்களா,
நிழலில் காய வைத்தீர்களா, வெயிலிலா?

லாரி ஹார்ன் அடிக்கிறது.
சீட்டைத் திருப்பி
எடையை எழுதுகிறேன்.